என் ரத்தத்தில் குறைந்த மருந்து

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வலிப்பு மருந்தின் அளவு குறைந்திருந்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் விழுங்கும் மாத்திரை. ஒரு வேளை தவறியதில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போனது.

நாங்கள் கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிறவர்கள். போட்ட உரம் மண் பரிசோதனையில் குறைந்தால் பயிர் எடுத்துக்கொண்டது என்பது அவர் கணக்கு. அதே கணக்கை என் வயிற்றிலும் போட்டார்.

"ஒன் ரத்தத்துல இல்லேன்னா எங்க போகும்? பூராம் புள்ளைக்குத்தான் போயிருக்கு. இனி மாத்திரையத் தொடாத."

"நான் என்ன பூண்டுப் பாத்தியா?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, எனக்கும் பயம்தான். மாத்திரையை விட்டால் வலிப்பு வரும். வந்து விழுந்தால் பிள்ளைக்கும் ஆபத்து. விழுங்கினால் பிள்ளைக்கு விஷம் என்கிறார் மனுஷன். மறுநாள் வெள்ளனே கொடைக்கானலுக்கு பஸ் ஏறினோம்.

அங்கே நாயுடுபுரத்தில் என்னைப் பார்க்கும் டாக்டரம்மா என் வீட்டுக்காரர் சொன்னதை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. ரத்தத்தில் இந்த மருந்தின் பெரும்பகுதி புரதத்தில் ஒட்டிக்கொண்டுதான் ஓடுமாம்.

"பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கிற ஆளு உங்க வீட்டுக்குள்ள வர முடியுமா? எறங்குனவருதான் வருவாரு. அது மாதிரி புரதத்த விட்டு எறங்குன மருந்துதான் நஞ்சுக்கொடியத் தாண்டும். வலிப்பத் தடுக்கிறதும் அதுதாங்க."

மாசமாக இருக்கையில் அந்தப் புரதம் குறையும். அதில் ஒட்டியிருக்கும் மருந்தும் குறையும். மொத்த அளவு இளைத்துத் தெரியும். இறங்கிய மருந்து மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கலாம். அதைத் தனியாக அளக்க ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினார்.

"அப்ப புள்ளைக்கு ஒண்ணும் போகலைல?" என்றேன். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

"போகுதும்மா. எறங்குனது போகத்தான் செய்யும். ஆனா உங்களுக்கு வலிப்பு வந்தா அதவிட மோசம். ஸ்கேன்ல புள்ள நல்லா இருக்கு. நிறுத்தாதீங்க."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பொய் சொன்னால் இந்த அம்மாவுக்கு என்ன குறைந்துவிடும் என்று கோபம் கோபமாக வந்தது.

மதுரையிலிருந்து வந்த அளவு சரியாகவே இருந்தது. மாத்திரையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிள்ளைக்கும் கொஞ்சம் போகிறது என்று தெரிந்தே தினமும் விழுங்கினேன். வெந்நீர் கொண்டுவந்து வைக்கிற அவர், நான் விழுங்கும் நேரத்தில் மட்டும் என்னைப் பார்க்க மாட்டார்.

பிரசவ அறைக்கு வெளியே, பெண் குழந்தை, நல்லா இருக்கு என்று சொல்லி நர்ஸ் பிள்ளையை நீட்டியபோது அவர் கை நீட்டவில்லை.

"அவளுக்கு வலிப்பு வரலைல?" என்று அவர் கேட்டது, உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது.