அரண்மனை மாட்டிக்கொண்டது, காடு வந்தது!

நேற்றுச் சாயங்காலம் மேடையில் நான் ஒருவன், எதிரே மயிலாப்பூர் முழுவதும்!

(சரி, முக்கால் ஹால்.)

நம் சங்கத்து நாடகத்துக்கு வசனம் எழுதி வைப்பதில்லை. காட்சிப் பட்டியல் மட்டும் ஓரத்தில் தொங்கும். மற்றதெல்லாம் அவரவர் வாய் சாமர்த்தியம். ஒரு காட்சி முடிந்ததும், தெரு வரைந்த முன் திரையான தெருப் படுதா இறங்கும். அதன் பின்னால் அடுத்த காட்சியை ஜோடித்து முடிக்கும் வரை, முன்னால் நின்று அரண்மனைச் சேவகனாகச் சிரிக்க வைப்பது அடியேன் பணி.

போன வாரம், சிரிப்பு வருகிறதே என்று பேச்சுவாக்கில் ராஜாவைக் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டேன்.

அடுத்த காட்சி அவருடைய கல்யாணம்!

படுதா இழுக்கும் சைதாப்பேட்டைக் கன்னியப்பன் பாய்ந்தார்.

"இன்னா நைனா! செத்தவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? அடுத்த சீனுக்கு வழி உட்டுப் பேச வேணாமா? பின்னால இன்னா நடக்குதுன்னு காதைக் குடுத்துக்கினு பேசு!"

காரியதரிசி இன்னும் சுருக்கம்.

"ஓய், இன்னொரு தரம் இப்படிப் பண்ணினா வாசல்ல டிக்கெட் கிழிக்கப் போயிடுவீர்."

(நானா! என் ஒட்டு மீசைக்கே தனி ரசிகர்கள் உண்டு!)

ஆகவே நேற்று ஒரு காதைப் படுதாவுக்குப் பின்னாலேயே விட்டுவைத்துப் பேசினேன். கயிறு கிறீச்சிட்டது. மூங்கில் இடித்தது. ஓரத்திலிருந்து கன்னியப்பன் குரல்:

"நைனா! அரமனைப் படுதா மாட்டிக்கிச்சு! காடுதான் கீது!"

என் ரத்தம் உறைந்த குளிர் ஐஸ் ஹவுஸ் வரை போயிருக்கும். கல்யாணம் அரண்மனையில் அல்லவா!

வாய் தானாகத் திறந்தது.

"மகாஜனங்களே! மகாராஜாவின் வருங்கால மாமியார் வந்து இறங்கிவிட்டாள்! கூடவே நாற்பது உறவினர், எண்பது டிரங்குப் பெட்டி! அரண்மனையில் மாப்பிள்ளை கால் வைக்க இடமில்லை. ஆகவே கல்யாணம் காட்டில்!"

படுதா ஏறியது. பட்டு வேட்டியில் ராஜா, சுற்றிலும் மரங்கள். ஒரு கணம் விழித்தார். பிறகு என்னைப் பார்த்து:

"சேவகா! புலிகளுக்கு முதல் பந்தி போட்டாயிற்றா?"

சிரிப்பில் ஹால் ஓடுகள் பறந்து அடையாற்றில் போய் விழுந்தன!

மார்பை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தேன். காரியதரிசி பட்டியலை நீட்டினார்.

"நன்னாக் கோத்தீர் ஓய். அடுத்ததைப் படியும்."

'அரண்மனையில் ராஜா தனிமையில் வருந்துகிறார்.'

"தனிமை! உள்ளே நாற்பது பேரைக் குடி வெச்சிருக்கீர். வேற யார் போவா? நீரே போய்க் கிளப்பிட்டு வாரும்!"

மறுபடி தெருப் படுதா. (மாட்டிய அரண்மனையை இதற்குள் விடுவித்திருந்தார்கள்.) மறுபடி நான்.

"அரண்மனை ரேஷன் கார்டில் மகாராஜா பெயர் ஒன்றுதானாம்!" என்று மட்டும் சொன்னேன்.

அவ்வளவுதான்! பின்னால் தடதடவென்று கால்கள் ஓடின, பெட்டிகள் இழுபட்டன. (கன்னியப்பனும் அவர் ஆட்களும் குதித்த குதி!) படுதா ஏறியபோது ராஜா தனியாக உட்கார்ந்து அழுதார், பாவம். சபை அடங்கவே இல்லை.

உறவினரை இதைவிடச் சீக்கிரம் கிளப்பும் வழி தெரிந்த அங்கத்தினர்கள், இந்த நோட்டீஸ் பலகையிலேயே கீழே எழுதவும். பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

நாடகத்துக்கு அல்ல. என் வீட்டில் ஆறு பேர் வந்து பத்து நாளாகிறது!