விமானியைச் சுமந்த லயத்துக் கதவு

விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே வீசப்பட்டவரை உட்கார வைக்கக் கூடாது. முதுகெலும்பைப் பரிசோதிக்கும் வரை அவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இதுதான் விதி. மூன்று ஆண்டுகளுக்கு முன், இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், இந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லா விதிகளும் எனக்குத் தெரிந்திருந்தன.

அரசாங்க அலுவலகத்தில் நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அன்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொழிலாளர்களுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். வானத்தில் ஒரு வெடிச்சத்தம். பயிற்சி ஜெட் ஒன்று எதிர்மலைக் காட்டில் போய் விழுந்தது. சற்று நேரத்தில் அதன் விமானி பரசூட்டோடு தேயிலைக்கு நடுவே வந்து விழுந்தார். முதுகு வலிக்கிறது என்று சிங்களத்தில் முனகினார்.

"உட்கார வைப்போம், தேத்தண்ணி கொண்டாங்க" என்று அவர் தோளுக்கடியில் கை கொடுத்தேன்.

"கைய எடுங்கய்யா!" என்று அதட்டினாள் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி. "எங்க வீட்டுக்காரரு மரத்துலருந்து விழுந்தப்ப இப்படித்தான் ஒரு பெரிய மனுசன் தூக்கி உக்கார வச்சாரு. இன்னைக்கு வரைக்கும் உக்காந்துகிட்டுதான் இருக்காரு."

வாகனம் வராத அந்த மலையில் நோயாளிகளை லயத்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையின், கதவில் கிடத்தித்தான் கீழே இறக்குவார்கள். கதவைக் கழற்றி வரச் சொன்னாள். கதவு தோட்டத்துச் சொத்து, அனுமதி வாங்க வேண்டும் என்றேன். ஆம், அப்போதும் சொன்னேன்.

"தொரைகிட்ட நாங்க பேசிக்கிறோம். நீங்க அவரு தலைய ஆடாம புடிங்க."

"அடியே, ஐயா கையெழுத்துப் போட்டாத்தான் தலை ஆடாது" என்றாள் இன்னொருத்தி.

சாக்கு விரித்து, கூடைக் கயிறுகளால் கட்டி, ஆறு பெண்கள் சுமந்தார்கள். பெருந்தெருவில் அம்புலன்ஸ் வரும் வரை தலையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். ஆரம்பத்தில் ஆபத்து வந்தால் விமானிகள் தாங்களே விமானத்துக்கு வெளியே ஏறிக் குதித்தார்களாம். விமானத்தின் வேகம் கூடியதும், குதித்தவர்களைக் காற்று வால்பகுதியில் மோதவைத்தது. அதனால் இருக்கைக்கு அடியில் வெடிமருந்து வைத்தார்கள், பின்னர் ராக்கெட்டும் வைத்தார்கள். அந்த உதைப்பில் உயிர் தப்பும். ஆனால் முதுகெலும்பு நொறுங்கலாம். படித்த அன்று என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவர் நடக்கிறாரா என்று கேட்டு ஆஸ்பத்திரி வழியாகக் கடிதம் எழுதினேன். முறைப்படி இரண்டு நினைவூட்டல்களும் அனுப்பினேன். பதினொரு மாதம் கழித்து அவரே எழுதினார்: முதுகில் இரண்டு எலும்புகள் நொறுங்கியிருந்தன; அப்போது நிமிர்த்தியிருந்தால் கால்கள் போயிருக்கும் என்றாராம் வைத்தியர்; இப்போது நடக்கிறார், உயரம்தான் கொஞ்சம் குறைவு.

கடிதத்தை அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். என் கையை அதட்டித் தடுத்தவளுக்கு நான் பட்ட கடன் எந்தப் படிவத்திலும் அடங்காது. அதன் பெரும்பாரம் எனக்கு முழுதாக விளங்கியது விமானியின் பதில் வந்த நாளில், ஊரே நன்றி சொல்லி முடித்த தைப்பொங்கலுக்கு மறுநாள்.