எண் போடாத இடம்

கொளஞ்சியப்பனுக்கு வாசனை தெரியாது. இரண்டாவது அலையில் கொரோனா வந்து படுத்தபோது போன மோப்பம் திரும்பவே இல்லை. மற்றவர்களுக்கு மூன்று வாரத்தில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் வந்துவிட்டது. டாக்டர் அவனுக்கு ஒரு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் எலுமிச்சையையும் கிராம்பையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஆறு மாதம் முகர்ந்தான். பிறகு எலுமிச்சை சாதத்துக்குப் போயிற்று.

செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவனுக்குப் பேக்கிங் வேலை. பவுடர் நெடி தாங்காமல் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடம் அது. இவனுக்கு மூக்கு போனது தெரிந்ததும் சூப்பர்வைசர் இவனை அங்கேயே நிறுத்திவிட்டார். கூட வேலை செய்கிற ராஜ்கமல் சொல்வான்: "குடுத்து வச்சவன் மச்சான் நீ. பொணங்கூட உனக்குப் பூ மாதிரிதான்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். அடுத்த வருஷமே அது நடந்தது.

அண்ணன் அருண்பாண்டியன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஒரு வியாழக்கிழமை படுத்தவர் வெள்ளிக்கிழமை எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. பெட்டி ஊர் வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆனது. முதுநகர் வீட்டு வாசலில் அதைத் திறந்தபோது, சுற்றி நின்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனார்கள். கொளஞ்சியப்பன் போகவில்லை. குனிந்து, அண்ணன் தலையைத் தன் வலது முழங்கை மடிப்பில் தாங்கிக்கொண்டு, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தான். தம்பி என்றால் இவன்தான் தம்பி என்று தெரு பேசியது. பாசம் இருந்திருக்கலாம். மூக்கு இல்லை என்பதும் உண்மை. ஒரு செயலுக்கு ஊர் வைக்கிற பெயர், செய்தவனுக்குள் என்ன இருந்தது என்பதை அறிந்து வைத்த பெயர் அல்ல.

அண்ணி சத்யப்பிரியா அருகே வந்தாள். அழவில்லை. குனிந்து மூச்சை இழுத்தாள்.

"இது மாமா இல்ல," என்றாள்.

கணவரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். முகம் அவருடையது, நெற்றித் தழும்பு அவருடையது என்று பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

"வாசன இல்லையே," என்றாள் அவள்.

அருண்பாண்டியன் ஒரே ஒரு சென்ட்தான் போடுவார். ஊது என்கிற அகிலும் குங்குமப்பூவும் கிராம்பும் கலந்த சூடான வாசனை என்று, மூக்கு இருந்த காலத்து நினைவிலிருந்து கொளஞ்சியப்பன் சொல்வான். அவர் லீவில் வந்து இறங்கினால், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும். இறந்த பிறகு வந்த சூட்கேசில் அந்த சென்ட் அரை பாட்டில் இருந்தது. ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு, அன்றைக்குத்தான் வீட்டோடு நிதானமாகப் பேசுவார். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் சத்யப்பிரியா தலையணை உறையில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டாள். அப்படியே இரண்டரை வருஷம் ஓடியது. போன மார்கழியில் பாட்டில் தீர்ந்தது.

தை மாதம் அவளுடைய அப்பா கோவிந்தசாமி குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தார். சுற்றி வளைக்காமல், கொளஞ்சியப்பனுக்கே அவளைக் கட்டி வைத்துவிடலாம் என்றார். அண்ணி அம்மா ஸ்தானம் என்று நாலு பேர் முகம் சுளித்தார்கள். ஏழு வயசுப் பெண் இசைவாணிக்கு வேறு யார் என்று நாலு பேர் கேட்டார்கள். சத்யப்பிரியா பதினைந்து நாள் எடுத்துக்கொண்டாள். பிறகு நேராகக் கொளஞ்சியப்பனிடமே வந்தாள்.

"தம்பி, எனக்குச் சம்மதம். ஆனா மாமா போடுற சென்ட்ட நீங்க போடணும்."

"எதுக்கு அண்ணி?"

"புது ஆள் வாசனயோட என்னால இருக்க முடியாது. உங்களுக்கென்ன, உங்களுக்குத்தான் தெரியாதே."

ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றான். அதற்காக அவனைப் பெரிய மனசுக்காரன் என்று எழுத எனக்குத் தயக்கம். அவனே பின்னால் என்னிடம் சொன்னான்: "எனக்கு அவுங்கள ரொம்ப நாளாப் புடிக்கும். அதான் பிரச்சன. அந்த வாசனய போட்டுக்கிட்டா வீட்டுல நான் இருப்பனா, அண்ணன் இருப்பாரான்னு பயமா இருந்துச்சி. வேணாம்னு சொல்லவும் வாய் வரல."

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார்கள். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் லால்பேட்டைக்காரர் நூருல் அமீன் அத்தர் கடை வைத்திருக்கிறார். இருபது வருஷம் துபாயில் இதே தொழில் பார்த்தவர். சத்யப்பிரியா காலி பாட்டிலை நீட்டினாள். கைப்பட்டுக் கைப்பட்டு மேலே இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது. அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"அடியில தங்குனதுதாம்மா இருக்குது. மேல போனது என்னான்னு இத வச்சி சொல்ல முடியாது."

அலமாரியிலிருந்து நாலு பாட்டில் எடுத்து வரிசையாக வைத்தார். "இதுல ஒண்ணா இருக்கும். நாலும் அண்ணன் தம்பிங்க மாதிரி. ஒண்ணுல ஊது ஜாஸ்தி, ஒண்ணுல குங்குமப்பூ ஜாஸ்தி. இது கிராம்பு தூக்கலா இருக்கும். இதுல அம்பர், ஆறுனப்புறந்தான் தெரியும். யாரு போடுறதுக்கு?"

"இவருக்கு."

"அப்ப இவரு கையிலதான் வைக்கணும். பாதி அத்தரு, பாதி தோலு. ஒரே சரக்குதான், ஆளுக்கு ஆள் வேற மாதிரி வீசும். அரை மணி நேரம் தோலோட கெடந்தாத்தான் நெசம் வெளிய வரும்."

கொளஞ்சியப்பன் இரண்டு கைச் சட்டையையும் முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டான். அமீன் பாய் கண்ணாடிக் குச்சியால் தொட்டு இடது கையில் மணிக்கட்டிலும் அதற்கு ஒரு சாண் மேலேயும் வைத்தார். அதேபோல வலது கையில் இரண்டு இடம். பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினார்.

"கைய மடக்காதீங்க. ஒண்ணு இன்னொண்ணுல ஒட்டிக்கும். தொடைக்காதீங்க."

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் கைகள் இரண்டையும் முழங்கால் மேல் நீட்டி வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தான். டீக்கடைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "என்னா மாப்ள, மருதாணியா? காயட்டும் காயட்டும்," என்றார். டீ வந்தது. கையை மடக்காமல் குடிக்க முடியாது. சத்யப்பிரியா கிளாசை எடுத்து அவன் வாயருகே கொண்டு போனாள். பாதியில் என்ன நினைத்தாளோ, கீழே வைத்துவிட்டாள். டீ ஆறிப்போனது.

அரை மணி கழித்துக் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவன் இடது கையை நீட்டினான். மணிக்கட்டு. "இல்ல." மேலே வந்தாள். "கிட்ட வருது. ஆனா இல்ல." அமீன் பாய் ஒரு சிறு கிண்ணத்தில் காப்பிக்கொட்டையை நீட்டினார். முகர்ந்து மூக்கைத் தெளிய வைத்துக்கொண்டு வலது கைக்கு வந்தாள். மூன்று. "இது கோயில் மாதிரி இருக்கு." நான்கு. யோசித்தாள். "இதுவும் இல்ல."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் கொளஞ்சியப்பன். ஒன்றும் கிடைக்காமல் போனால் கல்யாணமே நின்றுவிடும். கிடைத்தால் அண்ணன் வந்துவிடுவார். எது நடக்க வேண்டும் என்று தனக்கே தெரியவில்லை என்றான்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. கண்ணைத் திறக்காமலே அவன் கையோடு இன்னும் மேலே வந்தாள். முழங்கை மடிப்பில் நின்றாள். மூச்சை இழுத்தாள். இழுத்ததை விடவில்லை. அவள் தோள் இரண்டும் மெல்ல இறங்கின.

"மாமா," என்றாள்.

கூப்பிட்டுவிட்டுப் பதில் வரும் என்று காத்திருப்பவள் போல அப்படியே இருந்தாள்.

"இதாங்க பாய். இது எது?"

அமீன் பாய் எட்டிப் பார்த்தார். "அங்க நான் ஒண்ணும் வைக்கலியேம்மா."

பேனா எண் எதுவும் அங்கே இல்லை. கையை மடக்கவும் இல்லை என்று அவளே சாட்சி சொன்னாள். அமீன் பாய் காப்பிக்கொட்டையை ஒருமுறை முகர்ந்துகொண்டு, குனிந்து அந்த மடிப்பில் மூக்கை வைத்தார். இருபது வருஷத்துக்கு மேலாக வாசனையைப் பிரித்துச் சொல்லியே பிழைத்தவர். இரண்டாவது தடவையும் முகர்ந்தார். பிறகு பின்னால் நகர்ந்து, நாலு பாட்டிலையும் மூடி, ஒவ்வொன்றாக அலமாரிக்குள் வைத்தார்.

"இருக்குது. குங்குமப்பூ இருக்குது, கிராம்பு இருக்குது. ஆனா இது என் கடையில இல்ல தம்பி. வேற எந்தக் கடையில கெடைக்கும்னும் தெரியல."

ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள். பஸ் பி.முட்லூர் தாண்டியதும் சத்யப்பிரியா சொன்னாள், "நீங்க எதுவும் போட வேணாம். இப்படியே இருங்க, போதும்." இரண்டரை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவன் பார்த்ததில்லை. அவன் வலது தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆலப்பாக்கம் வரும்போது அண்ணன் தலையை எந்தக் கையில் தாங்கினோம் என்பது நினைவுக்கு வந்தது. துணி எந்தக் கையில் இருந்தது என்று யோசித்துப் பார்த்தான். இடது கையில். அப்படியானால் தலை வலது கையில். அன்றைக்குப் பெட்டியில் இல்லை என்று அவள் தேடியது எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது. அப்படித்தான் என்னிடம் சொன்னான். ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் தோல் ஒரே மாதிரி வீசும், வாசனையில் பாதி தோல் என்று அமீன் பாயே சொன்னாரே என்றேன். கேட்டுக்கொண்டான். "அப்ப ஏன் அந்த ஒரு எடத்துல மட்டும்?" என்றான்.

அன்று சாயங்காலம் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினான். பேனா எழுத்து நாலும் போயின. இசைவாணி வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வந்து, அவன் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"அப்பா சட்டைய நீ போட்டியா சித்தப்பா?"

அவனும் தன் மூக்கை அந்த மடிப்பில் வைத்து இழுத்தான். காற்றுதான் வந்தது. தெருவில் எல்லோரும் பார்க்கிற ஒரு ஆளைத் தான் மட்டும் பார்க்க முடியாமல் தோளில் தூக்கிக்கொண்டு திரிவது போல இருந்தது. பூசியது என்றால் கழுவிவிடலாம். இதை என்ன செய்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக சிதம்பரம் போனான்.

"அந்த எடத்த மறைக்கணும் பாய். அண்ணன் மாதிரி இல்லாததா குடுங்க."

"நல்ல வாசனயா வேணுமா?"

"எனக்குத் தெரியப் போவுதா? அவுங்களுக்கு வேறன்னு தெரியணும், அவ்வளவுதான்."

பாய் வெகுநேரம் தேடி, வெட்டிவேர் அத்தர் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார். "இது குளிர்ச்சி. அதுக்கு நேர் எதிர். அஞ்சாறு மணி நேரம் நிக்கும். அப்புறம் திரும்பவும் வைக்கணும்."

பங்குனியில் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம். அன்று அங்கே முப்பது ஜோடி. ஒவ்வொரு மணைக்கும் முன்னால் கூட்டம், புகை, நெரிசல். பக்கத்தில் உட்கார்ந்ததும் சத்யப்பிரியாவின் மூக்கு லேசாகச் சுருங்கியது.

"என்னா போட்டிருக்கீங்க?"

"வெட்டிவேராம்."

"நல்லா இல்ல."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும், அவள் தன்னை அப்படி உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்றான். "எழுந்து போயிடுவாங்கன்னு நெனச்சேன்." அவள் எழுந்து போகவில்லை. நாதஸ்வரம் எந்த ஜோடிக்கு வாசிக்கிறார்கள் என்று தெரியாத கலவரத்தில் குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். அதன் பிறகு தம்பி என்று கூப்பிடவில்லை. மாமா என்றும் கூப்பிடவில்லை. ஏங்க என்றாள்.

பாட்டில் அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், தெருமுனைக் கரண்ட் கம்பத்தடியில் நின்று சட்டைக் கையை ஏற்றி, வலது மடிப்பில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்புவான். மறந்துவிட்ட நாளில், வாசலில் விளையாடுகிற இசைவாணி அவனை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் வேறு யாரையோ பார்க்க நிமிர்வாள்.

கல்யாணமாகி மூன்றாவது வாரம் சாப்பாடு போட்டுக்கொண்டே சத்யப்பிரியா சொன்னாள், "ஏங்க. வெள்ளிக்கிழம மட்டும் அத வைக்காதீங்களேன்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"மத்த ஆறு நாளும் நீங்கதான்," என்றாள்.

சூப்பர்வைசரிடம் கேட்டு வார லீவை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டான். "பள்ளிவாசலுக்குப் போவப் போறியா மச்சான்?" என்று ராஜ்கமல் கேட்டான். இவன் சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு கூடத்துப் பாயில் சுவரோரம் சாய்ந்து, வலது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்காருவான். சத்யப்பிரியா வந்து அந்த மடிப்பில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த வாரம் நடந்ததையெல்லாம் சின்னக் குரலில் சொல்வாள். ரேஷனில் பாமாயில் வரவில்லை, இசைவாணிக்குப் பல் விழுந்தது, கொளஞ்சி நல்லாத்தான் பார்த்துக்கிறார் மாமா, என்று.

அவனுக்கு ஒரு வாசனையும் தெரியாது. கை மரத்துப் போகும். அசைக்க மாட்டான், இடையில் பேசவும் மாட்டான். அது தன்னிடம் சொல்லப்படுவது அல்ல என்று அவனுக்குத் தெரியும்.