மூக்குத்தி போட்ட சிங்கம்

எங்கள் தெரு நாடகத்தில் சிங்க வேடம் கேட்டு மூன்று வருடம் நாயாய் அலைந்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில். வேடம் கிடைத்தபோது கல்யாணமாகி ஆறு மாதம். சேவூரில் மனைவியின் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து; அவளை அழைத்துப் போகவேண்டியவன் நான். ஒத்திகை மும்முரத்தில் மறந்தே போனேன். எட்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் சத்தமாக விழும்.

முந்தின வருடம் சிங்கமாக வந்தவரின் காகிதக்கூழ் முகமூடி வேர்வையில் ஊறி, பாதி நாடகத்தில் தாடை கழன்று விழுந்தது. தெருவே சிரித்தது. அந்தக் கதி எனக்கு வரக்கூடாது. பிளாஸ்டிக் பைப்பைச் சுடவைத்து வளைப்பதைப் பார்த்திருந்தேன். கொதிக்கும் தண்ணீருக்குச் சாயப்பட்டறையில் பஞ்சமா? போர்க் கிணறு போட்ட இடத்தில் மிச்சம் கிடந்த பெரிய பைப்பை நீளவாக்கில் அறுத்து அண்டாவில் போட்டேன். இளகியதும் விரித்துக் கல்லை ஏற்றினேன். தகடாகிவிட்டது.

அடுத்து ஒரு முகம் வேண்டும். என் முகத்தில் நானே அழுத்திப் பார்க்க முடியாதே. மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தவளிடம், "உன் முகத்தைக் கொஞ்சம் தர்றியா?" என்றேன். முறைத்தாள். பிறகு மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பாயில் படுத்தாள். முகத்தில் ஈரத்துணியை நாலு மடிப்பாகப் போட்டு, இளகிய தகட்டை அதன்மேல் வைத்து அழுத்தினேன். மூக்கும் கன்னமும் மோவாயும் அப்படியே விழுந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டேனா? சிங்கத்துக்கு மஞ்சள் நிறம் வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பிரஷ்ஷை எடுத்திருப்பார்கள். சாயக்காரனுக்குத் தெரிந்தது முக்கி எடுப்பதுதான். மறுநாள் முகமூடியைக் கோலில் மாட்டிக் கொதிக்கும் மஞ்சள் சாயத்தில் முக்கினேன். வெளியே எடுத்தால் ஒரு பொட்டு நிறம் ஏறவில்லை. முகமும் இல்லை. சூட்டில் இளகிச் சுருண்டு பழையபடி பைப்பாகியிருந்தது. அடுத்த நாள் நாடகம். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

கேரியரோடு வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? சிங்கமா, கக்கூஸ் பைப்பா?"

அத்தனை நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்கி என் மானம் பூடும்" என்றேன். "காதுகுத்துக்குக் கூட்டிகினு போவாதது தப்புதான்."

"அத்த அப்புறம் பேசிக்கலாம். ஜல்தியா பண்ணுங்க, வீட்ல அடுப்புல கொழம்பு கொதிச்சிகினு கீது." தானாகவே பாயில் படுத்தாள். "மூஞ்சி வெந்துச்சின்னா சேவூருக்கே பூடுவேன், சொல்லிட்டேன்."

பைப்பை மறுபடி அண்டாவில் போட்டு இளக்கி விரித்தேன். அவசரத்தில் ஈரத்துணியை ஒற்றையாகத்தான் போட்டேன். மூக்குத்தியைக் கழற்ற அவளுக்கும் நினைவில்லை. "சுடுதுங்க" என்றாள், ஆனால் அசையவில்லை. ஆறியதும் எடுத்துப் பார்த்தால் வலப்பக்க மூக்கில் மிளகு அளவுக்கு ஒரு புடைப்பு. இந்த முறை ஒழுங்காகப் பெயிண்ட் அடித்தேன். மேடையில் நான் கர்ஜித்ததும், "டேய், மூக்குத்தி போட்ட சிங்கம்டா!" என்று ஒருவன் கத்தினான். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் அவள்தான்.

அவள் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. போன பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது, மருமகள் பரணிலிருந்து முகமூடியை எடுத்தாள். பக்கெட்டில் ஆவி பறக்கும் தண்ணீரோடு கழுவ உட்கார்ந்தாள்.

"வெந்நி வேணாம்மா!" என்று கத்திவிட்டேன்.

"பிளாஸ்டிக்குதானே மாமா, இன்னா ஆயிடும்?"

"பைப்பாயிடும்மா."

புரியாமல் பார்த்தாள். கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பச்சைத் தண்ணீர் தொட்டு நானே துடைத்தேன். பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. மூக்குத்தி இருக்கிறது.