பச்சை மையில் ஒரு மதிப்பெண்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் முப்பது வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன். பனியிலும் இருட்டிலும் தெருத்தெருவாக அலைந்தவன். பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஒரு நாற்காலியில் உட்கார முடியவில்லை. இதைக்கூட நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

நானும் வில்ஃபும் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பர்கள். இதே ஹாலிஃபாக்ஸ் ஊரில் அவன் பஸ் ஓட்டினான். இந்த வருடத் தொடக்கத்தில் அவனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. பிறகு வீட்டில் தனியாகக் கிடந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இவன் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ட்ரெவர் என்று ஒருவன், ஆள் செத்துப்போன வீடுகளைக் காலி செய்து சாமான்களை விற்பவன். அவனிடம் மூன்று பெட்டி இசைத்தட்டுகளை வாங்கி, ஏப்ரல் கடைசியில் வில்ஃப் முன்னால் கொண்டுபோய் இறக்கினேன். எல்லாம் எங்கள் வாலிபத்தில் வந்த ராக், நாட்டுப்பாடல் தட்டுகள்.

"இது தீர்ற வரைக்கும் சாக மாட்டேன்டா ஆர்னால்ட்," என்றான். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

ஒவ்வொரு உறைக்குள்ளும் ஓர் அட்டை இருந்தது. வரிசை எண், தேதி, பத்துக்கு எத்தனை என்று இரண்டு மதிப்பெண்கள். ஒன்று கறுப்பு மையில், ஹோல்ராய்ட் என்ற பெயரோடு. மற்றது பச்சை மையில், பெயர் இல்லாமல். நம்மைப் போலவே இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்று வில்ஃபுக்கு ஒரே குஷி. அவர்கள் வரிசையிலேயே போவோம் என்று சட்டம் போட்டான். ஞாயிறு மூன்று மணி, ஒரு தட்டு. பாட்டு ஓடும்போது பேச்சு கூடாது. அடுத்த உறையை முன்கூட்டித் திறக்கக் கூடாது. முடிந்ததும் நான் மதிப்பெண் சொல்ல, அதே அட்டையின் அடியில் அவன் இருவருக்கும் எழுதி உள்ளே வைத்துவிடுவான்.

இருபத்தெட்டாவது தட்டில்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். மணி 3:16. தட்... தட்... காலால் தரையில் தாளம். இவனுக்கு இது என்ன புதுப் பழக்கம் என்று எரிச்சலாக வந்தது. பக்கம் முடிந்ததும் அவன் என் மேல் பாய்ந்தான்.

"காலை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

"நீதானடா தட்டுன."

"நானா? நான் செருப்பே போடலியே."

அவன் காலில் கம்பளிக் காலுறை மட்டும்தான் இருந்தது. என் கிழட்டு மூட்டுதான் சத்தம் போடுகிறது என்று கிண்டல் செய்தான், சிரித்துவிட்டோம். அடுத்த வாரமும் கேட்டது. அந்தத் தாளம் பாட்டுக்கு ஒரு கணம் முன்னால் விழுந்தது. இந்தப் பாட்டை ஏற்கனவே கேட்ட கால் அது.

முப்பதாவது வாரம், வில்ஃப் கழிப்பறைக்குப் போன நேரத்தில் நான் சட்டத்தை மீறினேன். அடுத்த உறைகளைத் திறந்தேன். முப்பத்தொன்றில் பச்சை மட்டும். முப்பத்திரண்டில் பச்சை மட்டும். கடைசி நாற்பது வரை அப்படியே. ஹோல்ராய்டைக் காணோம். எனக்கு வில்ஃபின் நெஞ்சுத் தழும்புதான் கண்ணில் நின்றது.

போன ஞாயிறு. இதை விட்டு வேறு தட்டைப் போடு என்று கெஞ்சினேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. வரிசை தப்பினால் ஆட்டமே இல்லை என்று ஊசியை வைத்துவிட்டான்.

வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடினாள். 3:24க்கு முதல் பக்கம் முடிந்தது. டீ போட சமையலறைக்குப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் இரண்டாம் பக்கம் தொடங்கியது. வில்ஃப் திருப்பிவிட்டான் போலிருக்கிறது.

3:29. கோப்பைகளோடு வந்தேன்.

வில்ஃபின் தலை சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

தட்... தட்...

அவன் கால் அசையவில்லை. சத்தம் எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவிலிருந்து வந்தது...

"வில்ஃப்."

கோப்பைகளைக் கீழே வைத்தேன்.

தட்...

"வில்ஃப்!"

தாளம் நின்றது.

கண்ணைத் திறந்தான்.

"பாட்டு ஓடுறப்போ பேசாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது? நீ தட்டைத் திருப்பினதும் கண் அசந்துட்டேன்."

"நான் திருப்பலடா."

அன்று யாரும் மதிப்பெண் போடவில்லை.

மறுநாள் ட்ரெவரைப் பிடித்தேன். ஹோல்ராய்டோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்ட நண்பர் யார் என்று கேட்டேன்.

"நண்பனா? இருபது வருஷமா அந்த வாசப்படியை ஒருத்தரும் மிதிச்சதில்ல. பிப்ரவரி மூணாம் தேதி பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னல் வழியா பார்த்தப்போ, நாற்காலியிலேயே செத்துக் கிடந்தாரு. தட்டு சுத்திக்கிட்டே இருந்துச்சாம். ஏப்ரல் பாதியில நான் திறக்கிற வரைக்கும் வீடு பூட்டித்தான் கிடந்துச்சு."

முப்பத்தொன்றாவது அட்டையின் தேதி பிப்ரவரி மூன்று. மீதி ஒன்பதும் அதற்குப் பிந்திய ஞாயிறுகள். பூட்டிய வீட்டில்.

வில்ஃப் வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. முதல் அட்டையை எடுத்து நீட்டினான். வில்ஃப் ஏழு, ஆர்னால்ட் ஆறு. அதன் கீழே புதிதாகப் பச்சையில் எட்டு.

"நீதான் என்னைச் சீண்டறதுக்கு எழுதறேன்னு நினைச்சேன்டா."

முப்பது அட்டையிலும் இருந்தது.

முப்பத்திரண்டை மட்டும் அவன் காட்டவில்லை. கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான். பிடுங்கிப் பார்த்தேன். நான் அன்று திருட்டுத்தனமாகப் பார்த்தபோது இல்லாத வரிகள். எல்லாம் பச்சை மையில். வரும் ஞாயிற்றுக்கிழமையின் தேதி. வில்ஃப் ஏழு. அதன் கீழே, பெயர் இல்லாமல், ஒன்பது.

இத்தனை நாளும் நான் அவன் நெஞ்சுக்காகத்தான் பயந்தேன். அட்டையில் அவன் இருந்தான். என் பெயர்தான் இல்லை.

பெட்டிகளை அன்றே குப்பைக் கிடங்கில் போட்டோம். என் வீட்டில் ரெக்கார்ட் பிளேயர்கூடக் கிடையாது.

இன்று சனிக்கிழமை. மணி 6:10.

இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி நிற்கிறேன்.

யாரும் இல்லாத மாடியில்...

தட்... தட்...