முருங்கைக்காயில் ஒரு லெக் பீஸ்

"மாஸ்டர், நாளைக்குக் காலம்பற சாவியைக் கொண்டுவந்து குடுத்துடுங்கோ. இனிமே நம்ம மாடில க்ளாஸ் வேண்டாம்."

ரங்கராஜன் சார் இவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டார். நான் அப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் அடுத்த போன். இது லூர்து. என் சமையல் க்ளாஸில் இருக்கும் ஜெரோம் என்ற பையனின் அம்மா. எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற பெண்.

"அங்கிள், நீங்களே இப்படிப் பண்ணலாமா? தவக்காலம், அதுவும் வெள்ளிக்கிழமை, கறியே தொடக் கூடாத நாள். பையன் கறி சாப்பிட்டேன்னு வந்து நிக்கிறான்."

ஒருவர் என்னை வெளியே போகச் சொல்கிறார், இன்னொருவர் என்னைப் பாவியாக்குகிறார். நான் அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தது வாழைக்காய்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சமையல் க்ளாஸ் எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தீயும் கத்தியும்தான் இந்தத் தொழிலில் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1. மாடி கிடைத்த கதை

ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் நான் சமையல் மாஸ்டராக இருந்தவன். பேர் சேவியர், ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. வயதாகி முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ரேஞ்ச் அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. எங்கள் தொழிலில் பென்ஷன் கிடையாது. உட்கார்ந்து செய்கிற வேலையாக யோசித்துப் பிடித்ததுதான் பிள்ளைகளுக்கான சமையல் க்ளாஸ். விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தால் வருவார்கள் என்று நம்பினேன், வந்தார்கள். இடம்தான் கிடைக்கவில்லை. சமையல் என்றதுமே தண்ணீர் வீணாகும், புகை அடிக்கும், கரப்பான் வரும் என்று ஆளாளுக்கு ஒரு காரணம்.

சித்திரை வீதியில் ரங்கராஜன் சார் மட்டும் மாடியைத் தந்தார். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். வெளியில் கை நனைக்காத மனிதர், காபி கூடத் தன் வீட்டில்தான். அவர் பேத்தி ரஞ்சனி க்ளாஸில் சேர வேண்டும் என்று அடம்பிடித்ததால்தான் எனக்கு மாடி கிடைத்தது.

"மாமிசம், முட்டை கூடாது. வெங்காயம், பூண்டும் வேண்டாம். ஹோட்டல் பாத்திரம் எதுவும் மாடி ஏறப்படாது. பேச்சு ஒண்ணுதான், மாஸ்டர்."

"ஒன்னுதான் சார்," என்றேன்.

அன்றே மலைக்கோட்டைக்குக் கீழே பாத்திரக்கடையில் எல்லாம் புதிதாக வாங்கினேன். கரண்டி முதற்கொண்டு. இன்டக்‌ஷன் அடுப்பு, அதில் உட்காருகிற மாதிரி அடி தட்டையான தோசைக்கல். என் வீட்டுக் கத்தி ஒன்று இருபது வருடமாக என் கைக்குப் பழகியது, அதைக்கூடக் கொண்டுபோகவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

2. ட்ரம்ஸ்டிக்

அந்த வெள்ளிக்கிழமை முசிறியிலிருந்து வந்த வாழைக்காய் நல்ல திரட்சியாக இருந்தது. இரண்டு சீப்பு வாங்கிப் போனேன். முருங்கைக்காயும் கொஞ்சம் வைத்திருந்தேன். இதை வைத்து என்ன செய்யலாம் என்று பிள்ளைகளைத்தான் முதலில் கேட்பேன், அது என் வழக்கம். அவர்கள் சொன்ன பண்டம் என்றால் இரண்டு மடங்கு கவனத்தோடு செய்வார்கள்.

"கறி பண்ணலாம் மாஸ்டர்," என்றாள் ரஞ்சனி.

ஜெரோம் எழுந்தே நின்றுவிட்டான். "கறியா? எங்க வீட்ல ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாதே."

"எங்காத்துல தெனமும் உண்டே."

இங்கே ஒரு வார்த்தை. ரஞ்சனி வீட்டில் கறி என்றால் பொரியல். ஜெரோம் வீட்டில், என் வீட்டிலும்தான், கறி என்றால் ஆடு. நான் விளக்கினேன். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஜெரோம் ஒரு முருங்கைக்காய்த் துண்டைத் தூக்கிப் பிடித்து, "மாஸ்டர், இங்கிலீஷ்ல இதுவும் ட்ரம்ஸ்டிக், கோழிக் காலும் ட்ரம்ஸ்டிக். அப்ப லெக் பீஸ் பண்ணலாமா?" என்றான்.

எனக்கு அந்த யோசனை அவ்வளவு பிடித்துப்போயிற்று. எத்தனையோ வருடம் மெனு போட்டிருக்கிறேன், இது எனக்குத் தோன்றியதில்லை.

செய்முறை சுலபம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வாழைக்காயை இரண்டாக நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் பிசுக்குப் பிடித்து விரல் கறுத்துவிடும். தோலோடு வேகவைத்து, ஆறியதும் உரித்து, கையாலேயே பிசைய வேண்டும். பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த கட்டம் அதுதான். உப்பு, மிளகுத்தூள், சீரகம், ஒரு பிடி அரிசி மாவு. முருங்கைக்காயைத் தனியாக முக்கால் வேக்காட்டில் எடுத்துவிட வேண்டும், குழைந்தால் நிற்காது. மாவைப் பிடித்து முருங்கைக்காயின் ஒரு முனையில் கொழுக்கட்டை மாதிரி அப்பி, ரவையில் புரட்டித் தோசைக்கல்லில் திருப்பித் திருப்பிச் சிவக்க விட்டால் அசல் லெக் பீஸ்.

சாப்பிட்டுவிட்டு "எலும்பை" வேறு கடித்து உறிஞ்சினார்கள். முருங்கைக்காயை அப்படித்தானே தின்ன முடியும்? ஜெரோமை லூர்து வந்து கூட்டிப்போனாள். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில்தான் அவளுக்கு வேலை. பையன் மாடிப்படி இறங்கும்போதே தெருவுக்குக் கேட்க, "கறி சாப்பிட்டோம், எலும்பு கடிச்சோம்" என்று ராகம் போட்டுக்கொண்டு போனான். நானும் ரசித்துக்கொண்டுதான் நின்றேன்.

3. சாவி

அந்த இரண்டு போனுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கோபம் என்பதைவிட வலி. ஹோட்டலில் சைவக்காரர்கள் "மாஸ்டர், இது வெஜ்தானே?" என்று கேட்டு, நான் தலையாட்டினால் நம்பிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் தலையாட்டலில் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. இப்போது கேட்கக்கூட வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்துவிட்டார்.

மன்றாடக் கூடாது என்று தீர்மானித்தேன். அதே சமயம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து வருவதும் இல்லை. அப்படி வந்தால் செய்ததாகவே ஆகிவிடும். அதற்கப்புறம் ஸ்ரீரங்கத்தில் மட்டுமல்ல, திருச்சியிலேயே யாரும் எனக்கு இடம் தரமாட்டார்கள். லூர்துவைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல பையனோட மாடிக்கு வாம்மா. வந்து பாத்துட்டு அப்புறம் திட்டு," என்றேன்.

சனிக்கிழமை காலையில் சாவியோடு வாழைக்காயும் முருங்கைக்காயும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனேன். ரங்கராஜன் சார் வாசலிலேயே கையை நீட்டினார்.

"தரேன் சார். நேத்து என்ன பண்ணோம்னு பாத்துட்டு வாங்கிக்குங்க."

"பார்க்க என்ன இருக்கு? குழந்தை வாயால சொன்னா. கறி பண்ணினோம், எலும்பைக் கடிச்சேன்னு. அந்தப் பையனும் தெருவே கேட்கக் கத்திண்டு போனான்."

"குழந்தைகிட்ட வேற என்ன கேட்டீங்க?"

"என்ன கேட்கணும்? போய் வாயை அலம்பச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "ஒரு மணி நேரம் சார். அதுக்கப்புறம் சாவியை வாங்கிக்குங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மாடி ஏறினார்.

லூர்து ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சார் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். ரஞ்சனியின் கண் அழுது வீங்கியிருந்தது. இரண்டு பிள்ளைகளிடமும் "நேத்து மாதிரியே பண்ணுங்க," என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் எண்ணெய் தடவினார்கள், நறுக்கினார்கள், பிசைந்தார்கள். ஜெரோம் முருங்கைக்காயில் மாவை அப்பி, அம்மா பக்கம் காட்டி, "லெக் பீஸ்மா," என்றான். லூர்து வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

சார் சிரிக்கவில்லை. ரஞ்சனி தட்டோடு அவர் எதிரில் போய் நின்றாள்.

"இதான் தாத்தா எலும்பு. நம்மாத்துல தெனமும் கறி பண்றாளே, அதையேதான் பண்ணினோம். நீங்க என்ன கறின்னு கேக்கவே இல்லையே."

அவர் தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எழுபது வருஷமா எனக்குக் கறின்னா காய்தான், மாஸ்டர். உங்க க்ளாஸ்னதும் அது வேற மாதிரி கேட்டுடுத்து. என் காதுமேலதான் தப்பு."

"எனக்கு ரொம்ப வலிச்சுது சார்," என்றேன். மழுப்பிப் பேச அன்றைக்கு எனக்கு மனசில்லை.

"வலிக்கும்," என்றார்.

நான் சாவியை நீட்டினேன். சொன்ன சொல். அவர் அதை வாங்கிக்கொள்ளாமல், மேடையில் மிச்சமிருந்த பச்சைக் காய்களைப் பார்த்தார். சமைத்ததை அவர் தொடமாட்டார், எனக்குத் தெரியும். நானும் நீட்டவில்லை.

"ரெண்டு வாழைக்காயும் ஒரு முருங்கைக்காயும் குடுங்கோ. ஆத்துல பண்ணச் சொல்றேன். செய்முறையைக் குழந்தை சொல்லுவாளோன்னோ?"

"நன்னா சொல்லுவேன்," என்றாள் ரஞ்சனி.

4. கற்றது

அந்த நாளுக்குப் பிறகு க்ளாஸ் முடிந்ததும் பிள்ளைகளை உடனே அனுப்புவதில்லை. வரிசையாக நிற்கவைத்து, "வீட்ல கேட்டா என்ன பண்ணோம்னு சொல்லுவீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். காயின் பேரோடு முழுப் பேராகச் சொன்னால்தான் படி இறங்கலாம். நீங்களும் இதைப் பழக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போவது பண்டத்தை இல்லை, அதன் பேரைத்தான். வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பேரைத்தான் முதலில் மென்று பார்ப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே ரஞ்சனி கையைத் தூக்கினாள்.

"மாஸ்டர், எங்காத்துல தாத்தா எலும்பு கடிச்சார்."

"முழுப் பேர்," என்றேன்.

"வாழைக்காய்க் கறி, முருங்கைக்காய் எலும்பு. இன்னொண்ணு கேட்டு வாங்கிண்டார்."