புதைத்த காலை நிமிர்த்தச் சொன்னவன்

புதைத்த காலைத் தோண்டி நிமிர்த்தி வைக்கச் சொன்ன முட்டாள், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

1991. ஒரகடம் பக்கம் கல் உடைக்கும் கிரஷரில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. வெட்டி எடுத்ததை ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி மச்சான் கையில் கொடுத்தார்கள். என் பெண்டாட்டியின் தம்பி. ஏரிக்கரையில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து, "உனக்கு முன்னாடியே உன் காலு போயி எடம் புடிச்சிக்கிச்சி மாமா" என்றான். நானும் சிரித்தேன்.

புண் ஆறிய பிறகுதான் வலி வந்தது. இல்லாத கால் விரல்கள் ஐந்தையும் உள்ளே மடக்கி யாரோ இடுக்கியால் திருகுவதுபோல. "கட்டைவிரலைக் கொஞ்சம் நீவி விடு" என்பேன். பெண்டாட்டி வெறும் பாயை நீவுவாள். நீவிக்கொண்டே அழுவாள்.

"வெரலு மடங்கினாப்பல பொதைச்சிருப்பாங்க. அதான் இழுத்துக்கினு கீது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு அதுவே டாக்டர் சீட்டு. மச்சானை அனுப்பினேன். சாயங்காலம் மண் ஒட்டின கையோடு வந்து, "நேரா வெச்சிட்டேன்" என்றான். நாலு நாள் வலியே இல்லை. தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் விரல்கள் திரும்பவும் மடங்கின.

பிறகுதான் பெரியாஸ்பத்திரி. டாக்டர் என் வெட்டுப்பட்ட காலின் முனையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தட்டியதும் கத்திவிட்டேன். இல்லாத சுண்டு விரல்வரை ஷாக் அடித்தது. "அறுபட்ட நரம்பு நுனியில முண்டு கட்டியிருக்கு" என்று அங்கே மரத்துப்போகிற ஊசி போட்டார். சுண்டு விரல் அடங்கியது. மற்ற நாலும் அடங்கவில்லை.

"அது மூளைக்குள்ள இருக்கிற வலிதான்பா. மாத்திரை தர்றேன். முனையைத் தினமும் தேய்ச்சு விடு. குறையலாம்."

போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. மறுநாளே சுண்டு விரலும் மற்ற நாலோடு வந்து சேர்ந்துகொண்டது. மாத்திரையில் வாய் உலர்ந்தது, பகலெல்லாம் தூங்கி வழிந்தேன், வலி மட்டும் விழித்திருந்தது. கிணற்றுப் பக்கம் போனால் பெண்டாட்டி பின்னாலேயே வருவாள். குளிக்கத்தான் போகிறேன் என்றாலும் நம்பமாட்டாள். எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

கடைசியில் மச்சானைக் கூப்பிட்டேன். "அந்த நாலு நாளு நல்லாத்தானே இருந்தேன். இன்னொரு தபா தோண்டி நிமித்தி வெச்சிட்டு வாடா."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மொத தபாவே நான் தோண்டல மாமா."